அறுபத்தொரு வீட்டுக் கணக்கு

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதிலும் சாமை அறுப்பு நாட்களில் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் தடுமாறுவேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். படிக்கிறவர்கள் கொஞ்சம் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். எண்களில் மட்டும் தப்பு இருக்காது. அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றத்தில் இருக்கிறது. கொஞ்சம் சாமை நிலம், நான்கு புளிய மரம், இரண்டு பலா. நான் அதிகம் பேச மாட்டேன். கூட்டத்தில் யாராவது என் பக்கம் திரும்பினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தானோ என்னவோ, சின்ன வயதிலிருந்து எண்களோடு ஒரு பழக்கம். அவை என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊரில் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் சாமியிடம் கொட்டை போட்டுக் கேட்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கூடையிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை அள்ளி இலையில் கொட்டுவார். அதைக் கூறு போடுவார்கள். முதலில் இரண்டு கூறு. சமமாக வந்தால் சாமி சம்மதம் தந்தாயிற்று. மிச்சம் வந்தால் மூன்று கூறு. அதிலும் மிச்சம் வந்தால் நான்கு, பிறகு ஐந்து. இப்படி ஊரில் எத்தனை வீடோ அத்தனை கூறு வரை போகலாம். அதற்கு மேல் கிடையாது, ஏனென்றால் அதற்கு மேல் பங்கு வாங்க வீடு கிடையாது. எங்கள் ஊர் அறுபத்தொரு வீடு. ஒரு கூறுக்கு ஒற்றைக் கொட்டை வைத்தால் செல்லாது. குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். எந்தக் கணக்கிலும் மிச்சமில்லாமல் வரவில்லை என்றால் சாமி வேண்டாம் என்கிறது. ஒரு தடவை அள்ளிய கையைத் திரும்பக் கூடையில் போடக் கூடாது. அதுதான் கேள்வி, அதற்குத்தான் பதில்.

எல்லோரும் பூசாரியின் விரலைப் பார்ப்பார்கள். நான் பின்னால் நின்று கொட்டைகளை எண்ணிவிடுவேன். இருபத்து நான்கு என்றால் கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிடும் எண். முப்பதும் அப்படித்தான். இருபத்தொன்று கொஞ்சம் யோசித்து மூன்றில் சம்மதிக்கும். நாற்பத்தொன்பது கடைசி நிமிஷம் வரை இழுத்து ஏழில் இறங்கி வரும். பதிமூன்று, இருபத்தொன்பது, முப்பத்தேழு ஆகியவை என்ன செய்தாலும் இறங்காதவை. எப்படிக் கூறு போட்டாலும் ஏதாவது கையில் நிற்கும். இலையில் முப்பத்தேழு விழுந்தால் கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். பூசாரி வேர்த்து வழிய ஒவ்வொரு கூறாகப் போட்டு முடிக்கிற வரை வாயைத் திறக்க மாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாசியில் புளி உலுக்க ஏறியபோது கிளை முறிந்து விழுந்தேன். வலது தொடை. என் கால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. போர்வையில் தூளி கட்டி ரோடு வரை தூக்கி வந்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ். மலைக்குக் கீழே டவுனில் இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே என் காலில் பட்டை ஒட்டி, அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறு நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் அது ஆடாமல் தொங்கும். நான் ஒரு பக்கமும் திரும்ப முடியாது. எழுந்து உட்கார முடியாது. மூத்திரம், மலம் எல்லாம் படுத்த இடத்தில். ஒரு நர்ஸ் பெண்ணை, கட்டிக் கொடுத்த என் மகள் வயது இருக்கும், சட்டி கொண்டு வரச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வராது. வயிறு வலிக்க வலிக்க மனைவி டீக்கடையிலிருந்து திரும்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். மலையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன். இங்கே என் உலகம் கூரை விசிறியும் பக்கத்து ஜன்னலும்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு குழாய். அவ்வளவுதான்.

டாக்டர் வந்து படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"தொடை எலும்பு ரெண்டா போயிருக்குங்க. உள்ள கம்பி வெச்சு சேக்கணும். கையெழுத்துப் போட்டீங்கன்னா பண்ணிடலாம்."

"பண்ணலன்னா இன்னா ஆவும் சார்?" என் மனைவிதான் கேட்டாள்.

"இப்படியே தொங்க விடணும். சேந்தாலும் சேரலாம். ஆனா கால் குட்டையாப் போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அப்புறம் மரம் ஏறுறது கஷ்டம்."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான்தான் சரி என்று தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று அசைக்கவும் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் வயிற்று ஆபரேஷனுக்குப் போய்த் துணி மூடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, போனில் வேறு விதமாகச் சொன்னான். "எதுக்கு மாமா இரும்ப உள்ள வெச்சுக்கணும்? நம்ம கட்டு கட்டுறவரு எத்தினி பேருக்குக் கட்டியிருக்காரு. ஒரு வார்த்த சொல்லு, ஜீப் எடுத்துக்கினு வர்றேன்."

மனைவிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். மச்சானுக்கு வேண்டாம். டாக்டர் ஒரு தேதி சொன்னார், அதற்குள் முடிவு வேண்டும், நாளாக ஆக எலும்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்றார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வையிலிருந்து ஓட வேண்டும். ஓடக் கால் இல்லை.

எங்கள் ஊர் வழக்கம்தான் கை கொடுக்கும் என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னால் புளியங்கொட்டை கொண்டு வந்திருப்பாள். ஆனால் அந்த வார்டில், அத்தனை கட்டிலுக்கும் நடுவில், மார்பின் மேல் கொட்டையைப் பரப்பிக் கூறு போடுவதை நினைத்தாலே உடம்பு கூசியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திருப்பத்தூர்க்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கையும் விலாவும் உடைந்து கிடந்தார். அவர் கண்ணில் பட்டால் வார்டுக்கே தெரிந்துவிடும்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். ஏழு கம்பி. நேராக, குறுக்குக் கம்பி இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில்.

ஏழு என்று எடுத்தால் பதில் எனக்கே தெரியும். ஏழு இறங்காத எண். தெரிந்த பதிலைக் கேட்பது கேட்பதாகாது. ஆனால் அந்தக் கம்பிகள் எனக்கு ஏழாகத் தெரியவில்லை. பலகையில் வாத்தியார் எழுதிய மாதிரி ஏழு ஒன்றாகத் தெரிந்தது. 1111111. பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. இந்த எண்ணைக் கூறு போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை சாமிதான் என் கண் முன் நட்டு வைத்திருக்கிறது என்று தோன்றியது. கண்ணை மூடி மனதுக்குள் சொன்னேன்: இதுதான் என் கை. சமமாக வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். எதிலும் வராவிட்டால் மலைக்குப் போகிறேன்.

சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மருந்து டப்பாவைப் பிரித்து அட்டையின் உள்பக்கத்தில் போட ஆரம்பித்தேன்.

இரண்டில் ஒன்று மிச்சம். அதைப் பார்த்ததுமே தெரியும். மூன்றில் போட்டேன், ஒன்று மிச்சம். ஐந்தில் ஒன்று மிச்சம். ஏழில் போட்டால் 158730 வந்தது, கையில் ஒன்று நின்றது. இரண்டில் வராதது நான்கிலும் ஆறிலும் வராது, மூன்றில் வராதது ஒன்பதில் வராது. அதனால் அவற்றை விட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் போனேன். ஒன்று மிச்சம். பதிமூன்று. மறுபடி ஒன்று.

 மிச்சம் வருவது வேறு. எப்படிப் பிரித்தாலும் அதே ஒன்று வந்து நிற்பது வேறு. எல்லோருக்கும் பங்கு கொடுத்து அனுப்பிவிட்டு இலையில் ஒரு கொட்டை மட்டும் கிடப்பது போல. அது காலில் கல் கட்டிப் படுத்திருக்கிற நான்தான் என்று பட்டது. பதினேழில் எட்டு மிச்சம் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றாக இல்லையே என்று.

"இன்னா மலைக்காரரே," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "காலையிலேர்ந்து ஜன்னலயே மொறைச்சுக்கினு கீற. கம்பி எண்றியா?"

நான் அட்டையைப் போர்வைக்குள் வைத்தேன்.

"ஜெயிலுக்கே போவாம கம்பி எண்ற மொத ஆளு நீதான்பா. எத்தினி வந்துச்சு?"

"ஏழுங்க."

"ஏழு எண்றதுக்கா இவ்ளோ நேரம்?"

வார்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் மனைவியும் புடவை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் விடவில்லை. வலிக்கு மாத்திரை போட்டும் தூக்கம் வராத மனிதர், பேச ஆள் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். கொட்டை, கூறு, கம்பி, எல்லாம். மனைவிக்கு மட்டும் கேட்காத குரலில் சொன்னேன். அவள் காதில் விழுந்தால் காரியம் கெட்டது.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தினி வரைக்கும் போவே?"

"அறுபத்தொண்ணு."

"ஏன் அறுபத்தொண்ணு?"

"எங்க ஊர்ல அறுபத்தொரு வூடுங்க."

"சரி. திருப்பத்தூர்ல எத்தினி வூடு கீது தெரியுமா ஒனக்கு? எங்காளு யாராச்சும் இப்டிக் கேட்டான்னா எத்தினி கூறு போடணும்? உங்க சாமிக்கு மலைக்கு மேல மட்டும்தான் வூடு தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சாமியைப் பற்றிக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் பேசுகிறார் என்ற கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினால் ஜன்னல்.

அடுத்தடுத்துப் போட்டேன். பத்தொன்பதில் பத்து. இருபத்து மூன்றில் நான்கு. இருபத்தொன்பதில் ஐந்து, முப்பத்தொன்றில் ஒன்பது. முப்பத்தேழில் மறுபடி அந்த ஒன்று வந்தது, போன ஆள் திரும்பி வந்த மாதிரி. கையைத் தூக்கி எழுதினால் தோள் வலிக்கும், பேனா தலைகீழாக மை விடாது. நர்ஸ் வந்தால் அட்டையை மறைப்பேன். டாக்டர் சொன்ன தேதி வந்துகொண்டிருந்தது. மனைவி ஒவ்வொரு காலையும் கேட்பாள், "இன்னாயா ரோசன? சொல்லித்தான் தொலையேன்." நான் கூரையைப் பார்ப்பேன். பாதியில் நிறுத்த முடியாது, வேறு எண் எடுக்க முடியாது. அள்ளிய கை அள்ளியதுதான். சரி என்று சொல்லவும் வழியில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. காலில் தொங்குகிற கல்லைவிட அந்த ஏழு ஒன்றுதான் என்னைக் கட்டிப் போட்டிருந்தது.

ஐம்பத்து மூன்றில் பத்தொன்பது. ஐம்பத்தொன்பதில் இருபத்து மூன்று. கடைசியாக அறுபத்தொன்று. ஐம்பத்தேழு மிச்சம்.

இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன், "வேணாம். சாமி வேணாம்னுட்டுது. தம்பிய ஜீப் எடுத்துக்கினு வரச் சொல்லு."

"எங்க கேட்ட நீ? எப்பக் கேட்ட? ஆரு கொட்ட போட்டது?"

நான் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் ஊர்க்காரிதான் அவளும். சாமி சொல்லிவிட்டது என்றால் அதற்கு மேல் ஒரு பெண் என்ன பேசுவாள். மூட்டையைக் கட்டினாள். டாக்டர் மறுபடியும் ஒரு முறை எடுத்துச் சொன்னார், நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர் அவருடைய போன் நம்பரை என் மனைவியின் போனில் போட்டுவிட்டு என்னிடம், "ஒடைஞ்சா சொல்லு" என்றார். காலைச் சொல்கிறார் என்று மனைவி அவரை முறைத்தாள். அவர் சொன்னது எண்ணை.

மலைக்கு வந்து கட்டு போட்டார்கள். மூங்கில் பட்டை, முட்டை வெள்ளை, உளுந்து மாவு. கட்டு கட்டியவர் மேல் குறை சொல்ல மாட்டேன். கை எலும்பு, கணுக்கால் என்றால் அவரைப் போல யாரும் இல்லை. தொடைக்கு அவரே தயங்கினார். "இத்தினி நாள் கழிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே" என்றார். நான் அறுபத்தொன்று வரை போக எடுத்துக்கொண்ட நாட்கள்தான் அவை. மழைக்காலம் முடிந்து எழுந்து நின்றபோது வலது குதிகால் தரையில் படவில்லை. இடுப்பைச் சாய்த்தால்தான் பட்டது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

அதற்குப் பிறகு புளிய மரத்தைக் கீழிருந்து பார்க்கிறேன். உலுக்குவதற்கு ஆள் வைக்கிறோம். பஸ்ஸுக்கு இறங்குகிற பாதையில் பாதி தூரம் போவேன், அங்கே ஒரு பாறை, அதில் உட்கார்ந்து கீழே பஸ் வந்து திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு வருவேன். திரும்பி ஏறுவதற்கு மனைவியோ ஆட்டுக்காரர் யாரோ வர வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். இங்கே வீட்டுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு துண்டு மலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் மறுபடி ஆரம்பித்தேன். சட்டைப் பையில் கிழித்த காலண்டர் தாள்கள் இருக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதில் வந்துவிட்டது, கதை முடிந்தது. ஆனால் அந்த ஆட்டோக்காரரின் வார்த்தை முள் மாதிரி உள்ளேயே இருந்தது. திருப்பத்தூரில் எத்தனை வீடு? அறுபத்தேழில் போட்டேன். ஐம்பது மிச்சம். சரி, சாமி சொன்னது சரிதான். எழுபத்து மூன்றில் ஐம்பத்தொன்று. நூற்றொன்றில் பத்து. ஒவ்வொரு மிச்சமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் செய்தது தப்பில்லை என்று அந்த எண் ஒவ்வொரு தடவையும் சொல்வது போல. அதைக் கேட்பதற்காகவே அடுத்ததைப் போட்டேன்.

அப்படிப் போடும்போது ஒன்று பிடிபட்டது. கூறு ஏற ஏற, ஒரு கூறில் விழுகிற பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. நூறு கூறு என்றால் பங்கு பதினோராயிரம். ஐந்நூறு கூறு என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். ஏறுவதும் இறங்குவதும் ஒரு இடத்தில் சந்திக்கும். அதைத் தாண்டி ஒன்றும் புதிதாக வராது, ஏனென்றால் அதற்குப் பிறகு வருகிற பங்கின் எண்ணை நாம் முன்பே கூறாகப் போட்டுப் பார்த்திருப்போம். கைப்பிடிக் கொட்டைக்கு அந்த இடம் ஏழு, எட்டிலேயே வந்துவிடும். பூசாரி அதைத் தாண்டி வேர்த்து வழிந்ததெல்லாம் தேவையே இல்லை. ஏழு ஒன்றுக்கு அந்த இடம் எங்கே என்று போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து ஐம்பத்து நான்கில்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தொரு வீடு என்பது கைப்பிடிக் கொட்டைக்கு மிகப் பெரிய எல்லை. நான் எடுத்த எண்ணுக்கு அது வாசற்படிகூட இல்லை. நான் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேனா? அல்லது ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை போனாலும் வேண்டாம் என்றுதான் வருமா? இனிமேல் நிறுத்தவே முடியாது என்று தெரிந்தது.

மழை வந்தால் வீட்டுக்குள், வெயில் என்றால் பாறையில். நூற்று முப்பத்தேழில் நாற்பத்தொன்று. நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் தொண்ணூற்று நான்கு. மனைவி என் கையில் தாளைப் பார்த்தாலே தட்டை ஓங்கி வைப்பாள். "ஆட்டு யாவாரிகூட இத்தினி கணக்குப் போட மாட்டான். யாருக்குயா பங்கு பிரிக்கிற?" இருநூற்று இருபத்தொன்பதில் மூன்றே மூன்று மிச்சம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது வந்துவிடுமோ என்ற பயமா, வராமல் போய்விடுமோ என்ற பயமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருநூற்று முப்பத்து மூன்றில் நூற்று அறுபத்தேழு என்று விலகிப் போனபோது மூச்சு வந்தது.

அடுத்தது இருநூற்று முப்பத்தொன்பது. மேகம் கீழே இருந்தது, பஸ் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. 1111-இல் நான்கு தடவை, 155 மிச்சம். ஒன்றை இறக்கினால் 1551, ஆறு தடவை, 117 மிச்சம். ஒன்றை இறக்கினால் 1171, நான்கு தடவை, 215. கடைசி ஒன்றை இறக்கினேன். 2151. ஒன்பது தடவை 239 எவ்வளவு என்று ஓரத்தில் பெருக்கினேன்.

2151.

மிச்சம் இல்லை. இருநூற்று முப்பத்தொன்பது கூறு, ஒவ்வொன்றிலும் நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. எதிலும் ஒற்றைக் கொட்டை இல்லை, எதுவும் செல்லாத கூறு இல்லை. சாமி சம்மதம் சொல்லியிருக்கிறது. நான் படுத்திருந்த அன்றைக்கே சொல்லியிருக்கிறது. ஜன்னலில் ஏழு கம்பியாக நின்று சொல்லியிருக்கிறது.

அழுகை வரவில்லை. குட்டைக் காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு, பழக்கம் விடாது, அந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்பது எதிலும் இறங்கவில்லை. நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதும் எதிலும் இறங்கவில்லை. இரண்டும் முப்பத்தேழு ஜாதி, வேண்டாம் வேண்டாம் என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவை. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்துதான் இந்தச் சம்மதம் உண்டாகியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று பூசாரியிடம் கேட்க முடியாது.

மனைவியின் போனை வாங்கி நானே ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் மலையிலேர்ந்து பேசறேங்க. ஜன்னல் பக்கம் படுத்துக்கினு..."

"கம்பி! அடேங்கப்பா, பேச்சுலாம் வருதே ஒனக்கு! இன்னா, ஒடைஞ்சிடுச்சா?"

"ஒடைஞ்சிடுச்சுங்க."

"எத்தினில?"

"இருநூத்தி முப்பத்தொம்பதுல."

 அவர் மெதுவாகச் சொன்னார், "எங்க தெருவே போதுமாயிருந்துச்சேபா." சிரிக்க முயற்சி செய்தார், வரவில்லை. "கால் எப்டி கீது?"

சொன்னேன்.

"எங்க ஸ்டாண்டுல ஒருத்தனுக்குக் கோணையாச் சேந்ததைத் திரும்ப ஒடச்சு வெச்சாங்க. அதே ஆஸ்பத்திரிதான். இப்ப வண்டி ஓட்றான். போய்க் காட்டு. யாராண்டயும் கேக்காத, போய்க் காட்டு."

மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலை, அட்டையை, அறுபத்தொன்றை. அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"ரெண்டுல போட்டியா?" என்று கேட்டாள்.

"மொதல்லயே போட்டன். ஒண்ணு மிச்சம்."

"ரெண்டு பேருதான வூட்ல. எனக்கு ஒரு பங்கு, ஒனக்கு ஒரு பங்கு. அந்த மிச்சம் ஒண்ண சாமிக்குக் குடுத்துட்டு வேலையப் பாத்திருக்கலாம். அதுக்கு எதுக்குயா இருநூறு வூடு?" முறத்தைக் கீழே வைத்தாள். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன். நான்தான் பக்கத்துலயே இருந்தனே."

கீழே வைத்த முறத்தை எடுத்து மீதிச் சாமையை நான் புடைக்க ஆரம்பித்தேன். 

போன வாரம் மச்சானின் ஜீப்பில் இறங்கிக் காட்டிவிட்டு வந்தோம். அதே டாக்டர் இல்லை, வேறு ஒருவர். படத்தைப் பார்த்து, முடியும், ஆனால் முழுக்கச் சரியாகும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். உடைத்துத்தான் சேர்க்க வேண்டும், கொஞ்ச நாள் மறுபடி கல் தொங்கும் என்றார். உறுதி இல்லாத ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று பழைய பயம் வந்தது. இறங்கும் வழியிலேயே முன்னால் போன வண்டியின் நம்பர் பலகை, மைல் கல், வளைவின் எண் எல்லாம் என்னைக் கூப்பிட்டிருந்தன. மனைவி என் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள், விரலை மடக்க விடாமல். டாக்டர் கேட்டபோது தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கோணலாகத்தான் வந்தது.

நாளைக் காலை என்னைத் தூளி கட்டி ரோடு வரை இறக்கப் போகிறார்கள். அதே வார்டு என்றால் அதே ஜன்னலாகவும் இருக்கலாம். ஏழு கம்பியும் அங்கேதான் இருக்கும். இந்தத் தடவை நான் எதையும் அள்ளவில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் கல் தொங்கப் படுத்து, கூரையையும் சுவரையும் தவிர வேறு ஒன்றும் தெரியாதபோது என் மனது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இறங்குவதற்கு முன்பே எழுதி வைக்கிறேன். அங்கே எந்த எண் கண்ணில் பட்டாலும் அது கேள்வி இல்லை என்று எனக்கே தெரிவதற்கு.

ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.